உதிரும் சுவரோவியம்: முதல் பணத்தை எந்தச் சோதனைக்குப் போடுவது?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பழைய ஓவியம் உள்ள மண்டபத்தையோ வீட்டையோ பராமரிப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். வண்ணம் செதில் செதிலாக உரிகிறது. சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. குடமுழுக்குக்கு நாள் நெருங்குகிறது. ஒருவர் கேமரா வைத்துப் பார்க்கலாம் என்கிறார், இன்னொருவர் காரையில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறார், மூன்றாமவர் ஒரு வருடம் அளந்து பார்த்துவிட்டுக் கை வையுங்கள் என்கிறார். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் காணும்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் ஓவியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் உப்பும் அதை அசைக்கும் நீரும். ஆகவே "இது என்ன வண்ணம்" என்று சொல்லும் சோதனையைவிட "நீர் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது" என்று சொல்லும் சோதனைக்கே முதல் பணம் போகவேண்டும். விலைப்பட்டியல்களில் கண்ணைப் பறிப்பது முதல் வகை என்பதால்தான் இத்தனை குழப்பம்.

## உப்பு இங்கே என்ன செய்கிறது

சாப்பாட்டு உப்புக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கரையோரத்தில் விடியலில் 75-க்கு மேலும் பிற்பகலில் கீழும் ஈரப்பதம் போய்வரும் நாட்கள் ஏராளம். ஒவ்வொரு முறையும் சுண்ணாம்புக் காரையின் நுண்துளைக்குள் படிகம் வளர்ந்து பக்கங்களைத் தள்ளுகிறது. மேலே மெல்லிய படலமாக இருப்பது வண்ணம், முதலில் விழுவதும் அதுதான். ஒரு தூறல்கூட இல்லாத மாசி, பங்குனியிலும் ஓவியம் உதிர்வது இதனால்தான்.

உப்பு வந்த வழி ஒன்றல்ல. அடியில் உவர்நீர் நிற்கும் நிலம், கடல் மணல் கலந்த காரை, சில பழைய கட்டடங்களில் பவளக்கல், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் வழியே வந்து படியும் உப்புத் துளி, இவையெல்லாம் குளோரைடைக் கொண்டுவரும். வௌவால் எச்சம் நைட்ரேட்டைத் தரும். பிற்காலத்தில் பூசிய சிமென்ட் சல்பேட்டைச் சேர்க்கும். சோடியம் சல்பேட் தனி ரகம். ஏறத்தாழ 32 டிகிரிக்குக் கீழே ஈரம் கிடைத்தால் பத்து மூலக்கூறு நீரைச் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு மடங்கு அளவுக்குப் பெருத்துவிடும். இதையெல்லாம் விட்டாலும், தினமும் ஆழ்குழாய் உப்புத் தண்ணீரை ஊற்றித் தரை கழுவும் இடங்களை என்ன சொல்வது? சுவரின் அடிக்கு நாமே தவறாமல் உப்பு ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகள் போதும். சோதனையின் விடை அடுத்து செய்யப்போகும் வேலையை மாற்றுமா? ஓவியத்தைத் தொடுகிறதா, சுரண்டுகிறதா? எந்தப் பருவத்தில் செய்தால் உண்மை சொல்லும்? முடிவைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறாரா? விலைப்பட்டியலில் எழுதாத செலவு என்ன?

முதல் கேள்வியில் தோற்கும் சோதனைக்கு மற்ற நான்கிலும் முழு மதிப்பெண் கிடைத்தாலும் பயனில்லை.

## வழி ஒன்று: கண்ணும் சாய்வொளியும் வரைபடமும்

சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு விளக்கைப் பிடித்தால் நேர்வெளிச்சத்தில் சமதளமாகத் தெரிந்த ஓவியத்தில் குமிழ், பொருக்கு, விரிசல் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். இருட்டிய பிறகு செய்யவேண்டிய வேலை இது. காரை சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று விரல்முட்டியால் மெல்லத் தட்டிக் கேட்கலாம், பிரிந்த இடம் பொள்ளென்று ஒலிக்கும். உரிந்துகொண்டிருக்கும் வண்ணத்தின் மேல் மட்டும் தட்டக்கூடாது.

பார்த்ததை எல்லாம் அச்செடுத்த புகைப்படத்தின் மேல் நிறம் நிறமாகக் குறிக்கவேண்டும். வரைபடம் முடிந்ததும் பாதி விடை அதிலேயே தெரியும். தரையிலிருந்து இடுப்பளவோ தோளளவோ வரை ஒரே பட்டையாகக் கேடு இருந்தால் நிலத்து ஓதம், அதாவது ஈரம், ஏறுகிறது. மேலிருந்து கோடுகோடாக வழிந்திருந்தால் கூரைத் தளம் ஒழுகுகிறது. ஒட்டுத்தளத்தில் வேர்விட்ட ஒரு ஆலங்கன்று போதும். தனித்தனித் திட்டுகளாக இருந்தால் அடியில் பழைய சிமென்ட் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கடலைப் பார்த்த திறப்புக்கு எதிர்ச்சுவரில் மட்டும் மோசமாக இருந்தால் காற்றைச் சந்தேகிக்கவேண்டும். கருவறையை ஒட்டிய சுவரென்றால் அபிஷேக நீர் வெளியேறும் வழி அடைத்திருக்கிறதா என்பது முதல் கேள்வி.

நிலத்திலிருந்து ஏறும் நீர் உப்புகளைத் தரம் பிரித்துக்கொண்டே ஏறும். எளிதில் கரையாத சல்பேட்டுகள் கீழே தங்கும், குளோரைடும் நைட்ரேட்டும் மேலே போய் நிற்கும். பட்டையின் கீழே பொடிந்தும் மேல் விளிம்பில் ஈரக்கறையாகவும் தெரிவது இதனால்தான். சுவரின் அடியில் சிமென்ட் பூசியோ தரையில் கிரானைட் பதித்தோ ஆவியாகும் வழியை அடைத்துவிட்டால் இந்தப் பட்டை அப்படியே மேலே நகர்ந்து ஓவியத்துக்குள் போய்விடும். அடிச்சுவர் அழகாகிவிட்டது என்று மகிழ்ந்து சில வருடம் கழித்து, நேற்றுவரை நன்றாயிருந்த ஓவியம் ஏன் உதிர்கிறது என்று கேட்பவர்கள் உண்டு.

வெள்ளைப் பூச்சு உப்பா பூஞ்சணமா என்பதற்கும் எளிய வழி இருக்கிறது. பஞ்சுக்குச்சியால் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு நீரில் போட்டால் குளோரைடும் நைட்ரேட்டும் உடனே கரையும், பூஞ்சணம் கரையாது. ஜிப்சமும் சுண்ணமும் எளிதில் கரையாது என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும். பழைய கொத்தனார்கள் நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார்கள். வெறும் சுவரில் சரி, ஓவியத்தின் பக்கத்தில் வேண்டாம். பழைய மஞ்சளில் ஆர்செனிக்கும் சிவப்பில் ஈயமோ பாதரசமோ இருக்கலாம்.

மறைசெலவு: சாரம். விதானம்வரை ஓவியம் இருந்தால் மொத்தச் செலவில் பெரும்பங்கு சாரத்துக்கே போகும். இன்னொன்று, பார்ப்பவர் மாறினால் வரைபடமும் மாறிவிடும். குறியீடுகளை முதலிலேயே எழுதிவைத்து, அதே இடத்திலிருந்து அதே வெளிச்சத்தில் மறுபடி படமெடுக்கும்படி தரையில் புள்ளி குறித்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வருடம் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

## வழி இரண்டு: தளத்துக்கே வரும் கருவிகள்

இவற்றில் எதுவும் ஓவியத்தைச் சுரண்டாது. அதுதான் இவற்றின் பலம், விற்பனைக்காரர் முதலில் சொல்வதும் அதுதான். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கவேண்டும்.

மின்தடையை அளக்கும் சாதாரண ஈரமானியை இந்தக் கரையில் நம்பாதீர்கள். உப்பும் மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே காய்ந்த உப்புச் சுவரையும் நனைந்த சுவர் என்று காட்டும். அதை வைத்து "ஓதம் ஏறுகிறது, சுவருக்குள் மருந்தை ஊசிபோட்டுத் தடுக்கவேண்டும்" என்று மதிப்பீடு கொடுப்பவர் வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

வெப்பப்படக் கேமரா பிரிந்த காரையை நன்றாகக் காட்டும். பின்னால் காற்றிடைவெளி இருப்பதால் அந்த இடம் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் குளிரும். வெளிச்சுவரில் வெயில் ஏறும் காலை நேரம் இதற்குத் தோது. ஈரத்தைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஈரம் ஆவியானால்தான் அந்த இடம் குளிர்ந்து தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே நிறைந்து நிற்கும்போது ஆவியாதல் நின்றுபோகும், நனைந்த சுவரும் காய்ந்ததுபோலவே படத்தில் இருக்கும். நல்ல படம் வரவேண்டும் என்று ஹாலஜன் விளக்கால் ஓவியத்தைச் சூடாக்க யாரையும் விடாதீர்கள். அந்தச் சூடே ஒரு படிக வளர்ச்சிக்குப் போதும்.

புற ஊதா விளக்கு மலிவு, பலன் அதிகம். அரக்குப் பூச்சு ஆரஞ்சாக ஒளிரும். பழைய பழுதுபார்ப்பும் மேற்பூச்சும் தனித்துத் தெரியும். பாசி இருந்தால் அதன் பச்சையம் சிவப்பாக மின்னும். முன்னொரு காலத்தில் யாராவது ஓவியத்தின் மேல் வார்னிஷோ பிசினோ பூசியிருந்தால் அதைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம். அந்தப் படலம் உப்பை உள்ளே அடைத்து, வண்ணத்தோடு சேர்ந்து சுருண்டு உரியும்.

எக்ஸ்.ஆர்.எஃப் (எக்ஸ்-கதிர் ஒளிர்வு) கருவியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கைத்துப்பாக்கி வடிவத்தில், தொடாமலேயே வண்ணத்திலுள்ள தனிமங்களைச் சொல்லிவிடும். இரும்பு வந்தால் காவி, பாதரசம் வந்தால் சாதிலிங்கச் சிவப்பு, டைட்டானியம் வந்தால் அந்த வெள்ளை 20-ஆம் நூற்றாண்டில் பூசியது. பின்னாள் மேல்பூச்சைப் பிரித்தறிய இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் நம் சிக்கலுக்கு? கையடக்கக் கருவிக்குச் சோடியம் தெரியாது, குளோரினும் மங்கலாகத்தான் தெரியும். நைட்ரேட் தெரியவே தெரியாது. பல லட்சம் ரூபாய்க் கருவி உப்புக் கேள்வியில் கைவிரித்துவிடும். சிவப்பு கறுத்துப் போயிருந்தால் மட்டும் முதலில் கூப்பிடுங்கள். ஈயச் சிவப்பும் கறுக்கும், சாதிலிங்கமும் கறுக்கும், சாதிலிங்கம் கறுப்பதில் குளோரைடுக்குப் பங்குண்டு, கடலோரத்தில் அது சும்மா விடாது. எந்தச் சிவப்பு என்று தெரியாமல் அந்தக் கறுப்பைப் புகைக்கரி என்று நினைத்துத் துடைத்தால் வண்ணமே போய்விடும்.

## வழி மூன்று: மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது

தென்னிந்தியச் சுவரோவியங்களின் தொழில்நுட்பம் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி இப்படி வந்ததுதான். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களில் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து ஆராய்ந்தார். சோழர் கால ஓவிய அடுக்கு ஈரச் சுண்ணத்தின் மேல் தீட்டியது என்ற முடிவு அந்த ஆய்வின் பயன். குண்டூசித் தலையளவுத் துணுக்கைப் பிசினில் பதித்து வெட்டிப் பார்த்தால் அடுக்குகள் வரிசையாகத் தெரியும்.

கேட்டைக் கண்டறிய வேறு வகை மாதிரி வேண்டும். ஓவியம் ஏற்கெனவே அழிந்துபோன இடத்தில், மெதுவாகச் சுழலும் துளைப்பானால், ஆழம் பிரித்துப் பொடி எடுக்கவேண்டும்: மேல் ஒரு சென்டிமீட்டர் தனி, அடுத்த இரண்டு தனி, அதற்கும் உள்ளே தனி. தரைக்கு அருகே, நடுவில், மேலே என்று மூன்று உயரத்திலாவது எடுக்கவேண்டும். உடனே மூடி எடைபோட்டு, உலர்த்தி, மறுபடி எடைபோட்டால் உண்மையான ஈரம் தெரியும். அதே பொடியை 75 சதவீத ஈரப்பதக் காற்றில் வைத்து அது எவ்வளவு நீரை இழுக்கிறது என்று பார்த்தால் உப்பின் பங்கு தெரியும். முழுப் பணத்துக்கும் உரிய விடை இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. சுவரிலுள்ள ஈரத்தை உப்பு மட்டுமே விளக்கிவிடுமானால் காற்றுதான் மூலம், கூரைத் தளத்தையோ அடித்தளத்தையோ செப்பனிட்டால் பெரிதாக ஒன்றும் மாறாது. அதைவிட ஈரம் மிகுந்து, கீழே போகப்போகக் கூடினால் நிலம். மேலே கூடினால் கூரை.

குளோரைடா நைட்ரேட்டா சல்பேட்டா என்று அறிய, காலாவதி ஆகாத சோதனைப் பட்டையும் வாலைவடி நீரும் தொடக்கத்துக்குப் போதும். அளவு துல்லியமாக வேண்டுமென்றால் அயனிப் பகுப்பாய்வு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் அழகப்பா பல்கலைக்கழகமும் இருப்பது இந்த மாவட்டத்துக்கு வசதி. பாரம்பரியப் பொருள்களுக்கே உரிய ஆய்வகம் லக்னோவில் இருக்கிறது, அதன் கிளை மைசூரில்.

மறைசெலவு இரண்டு. ஒன்று அனுமதி. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தில் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒரு பொட்டுக் காரையும் எடுக்க முடியாது. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் அப்படிப்பட்டது. சேதுபதியின் முடிசூட்டும் மராத்தியருடனான போரும் ஐரோப்பியரை வரவேற்கும் காட்சியும் உள்ள 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் அங்கே இருக்கின்றன, அவற்றின் மேல் கைவைப்பது துறையின் முடிவு. கோயிலென்றால் அறநிலையத் துறை. மற்றொன்று விளக்கம். ஆய்வகம் எண்களைத் தரும், அந்த எண்ணுக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லாது. பல பக்க அறிக்கையை அலமாரியில் வைத்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்பு அடித்த இடங்களைக் காட்ட முடியும், காட்டினால் சண்டை வரும்.

## வழி நான்கு: ஓராண்டு அளவீடு

சுவரின் அருகே ஒன்றும் திறந்தவெளியில் நிழலில் ஒன்றுமாக, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மணிக்கொரு முறையாவது பதியும் டேட்டா லாகர்கள். சுவர்ப்பரப்பின் வெப்பமும் சேர்ந்தால் நல்லது. விலை சில ஆயிரங்களில் முடியும். கூடவே மாதம் ஒருமுறை அதே சில இடங்களின் படமும், கீழே விழும் பொடியைச் சேர்க்க ஒரு காகிதத் தட்டும். எந்த மாதத்தில் தட்டு நிறைகிறது என்பதை லாகர் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால், எந்தக் காற்றில் உப்பு வேலை செய்கிறது என்று புரியும். கச்சானும் வடக்கிருந்து வரும் வாடையும் கிழக்கிருந்து வரும் கொண்டலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

சீனாவில் துன்ஹுவாங்கின் மொகாவ் குகைத் தொகுதியில் 85-ஆம் எண் குகை இதற்கு நல்ல சான்று. 1997-இல் தொடங்கி துன்ஹுவாங் ஆய்வுக் கழகமும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து பல ஆண்டுகள் அளந்தன. கேட்டுக்குக் காரணம் வெளியிலிருந்து புகும் ஈரக் காற்று என்று தெரிந்தது. சுவரிலிருந்த உப்புக் கலவை 67 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கியது, தனி உப்பின் 75-ஐவிடக் குறைவாக. ஆகவே ஈரமான நாட்களில் கதவை மூடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியானது. அது பாலைவனம், நமக்குத் திறந்த மண்டபம், மூட முடியாது. ஆனாலும் எந்த ஜன்னலை எந்த மாதம் அடைப்பது, தரையை எந்த நேரம் கழுவுவது, ஏர்கண்டிஷனர் போடலாமா என்பதெல்லாம் இந்த அளவீட்டால்தான் முடிவாகும். ஏர்கண்டிஷனர் பெரும்பாலும் கூடாது. காலையில் போட்டு மாலையில் நிறுத்தினால் எல்லைக்கோட்டைக் கடக்கும் எண்ணிக்கையை நாமே கூட்டுகிறோம்.

மறைசெலவு: உப்புக் காற்றில் ஈரப்பத உணரிகள் விலகிப்போகும். சாப்பாட்டு உப்பில் சில சொட்டு நீர் விட்டுக் குழைத்து, இறுக்கமான டப்பாவில் லாகரோடு ஒரு நாள் வைத்துப் பாருங்கள், 75-ஐ ஒட்டிக் காட்டவேண்டும். மாதாமாதம் யார் பதிவை இறக்குவது என்பதற்குப் பெயர் எழுதிய ஓர் ஆள் இல்லாவிட்டால் மின்கலம் தீர்ந்தது தெரியாமல் மழைக்காலம் முழுதும் வெற்றாகப் போகும்.

## ஒரே பார்வையில்

| வழி | நன்றாகச் சொல்வது | சொல்லாதது | ஓவியத்துக்குத் தொந்தரவு | ஏற்ற காலம் |
|---|---|---|---|---|
| கண், வரைபடம் | கேடு எங்கே, எந்த வடிவில் | உப்பின் வகை, அளவு | இல்லை | மழைக்கு முன்னும் பின்னும் |
| தளக் கருவிகள் | பிரிந்த காரை, மேற்பூச்சு, வண்ணத் தனிமம் | உப்பு, ஈரத்தின் மூலம் | இல்லை | வறண்ட மாதக் காலைகள் |
| ஆய்வகம் | எந்த உப்பு, எவ்வளவு ஆழம், ஈரம் எங்கிருந்து | எந்த மாதம் இயங்குகிறது | அழிந்த இடத்தில் மட்டும் துளை | மழைக்குப் பின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை |
| ஓராண்டு அளவீடு | உப்பு எப்போது, ஏன் இயங்குகிறது | வண்ணம், அடுக்கு | இல்லை | கோடை, கச்சான், வடகிழக்குப் பருவமழை மூன்றும் அடங்க |

## யாருக்கு எது

பணம் மிகக் குறைவென்றால் வழி ஒன்றும் நான்கும். இரண்டையும் உள்ளூர் ஆட்களை வைத்தே நடத்தலாம், ஓவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒரு வல்லுநர் தொடக்கத்திலும் முடிவிலும் வந்தால் போதும். என் தேர்வும் பொதுவாக இதுதான்.

கூரைத் தளத்தைப் பிரித்துக் கட்டவோ தரையை மாற்றவோ பெரிய தொகை ஒதுக்கியிருந்தால் மூன்றாவது வழியைத் தவிர்க்காதீர்கள். தேவையில்லாத ஒரு கட்டுமானத்தை அது நிறுத்தினாலே ஆய்வகச் செலவு திரும்பிவிடும்.

மேல்பூச்சு உண்டு, அடியில் பழைய ஓவியம் இருக்கலாம் என்று சந்தேகித்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ இரண்டாவது வழி. விதானக் காரை தலைமேல் தொங்கினாலும் அதுவே, வெப்பப்படக் கேமராவோடு.

குடமுழுக்கு மூன்று மாதத்தில் என்றால் எந்தச் சோதனையும் முழு விடை தராது. அந்த நிலையில் வரைபடமும் படமும் எடுத்துவிட்டு, ஒழுகலை அடைத்து, ஓவியச் சுவரை மட்டும் வேலைத் திட்டத்திலிருந்து விலக்கிவைக்கச் சொல்லிச் சண்டை போடுங்கள். புது வண்ணம் பூசுவதை அடுத்த குடமுழுக்கிலும் செய்துகொள்ளலாம், பூசியதை எடுக்கத்தான் முடியாது. வண்ணம் இன்றே விழுந்துகொண்டிருந்தால் சோதனையைத் தள்ளிவைத்துவிட்டு, மெல்லிய ஜப்பானியத் தாளால் தற்காலிகமாகப் பிடித்துவைக்கத் தெரிந்தவரை வரவழைக்கவேண்டும். உப்புள்ள சுவரில் எந்தப் பசையை விடுவது என்பதை அவர் அங்கேயே ஓர் ஓரத்தில் பார்த்துத்தான் சொல்வார்.

எந்த வழியானாலும் ஒப்பந்தத்தில் சிலவற்றை எழுதி வாங்குங்கள். மூலப் படங்களும் அளவீட்டுக் கோப்புகளும் உங்களுக்கே சேரவேண்டும், அறிக்கை மட்டும் போதாது. மாதிரி எடுத்த ஒவ்வொரு இடமும் படத்தில் குறிக்கப்படவேண்டும். காரணம் கண்டறியும் வேலைக்கும் சிகிச்சை வேலைக்கும் தனித்தனி விலை கேளுங்கள். முதலாவதை இலவசமாகச் செய்து தருகிறேன் என்பவரிடம் எந்தப் பூச்சை விற்கிறார் என்று விசாரியுங்கள். சாரம் கட்டும்போது வரைபடம், கருவி, மாதிரி மூன்றையும் அதே வாரத்தில் முடித்துக்கொள்ளுங்கள், மூன்று தடவை கட்டிப் பிரிக்கும் கூலியில் லாகர்களே வாங்கிவிடலாம்.